கிண்டியிலிருந்து எது தூரம்? – பழங்குடிப் பல்கலைக்கழகம் என்ற கோரிக்கை பற்றி

மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டக்கில் இந்திரா காந்தி தேசியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம் 2007-இல் இயற்றிய சட்டத்தின்படி வந்தது. 2019-இல் ஆந்திராவுக்கு ஒன்று. தெலங்கானாவின் முலுகில் சம்மக்கா சாரக்கா பெயரில் இன்னொன்று, அதற்கு 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. இந்த வரிசையைப் பார்க்கிற யாருக்கும் "அப்போ தமிழ்நாட்டுக்கு?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். நீலகிரியில் வையுங்கள், ஜவ்வாது மலையில் வையுங்கள், கல்வராயனில் வையுங்கள் என்று ஆளுக்கொரு இடமும் சொல்லலாம்.

கேள்வி நியாயமானதுதான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர், மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. அப்போது பட்டியலில் 36 சமூகங்கள். அன்று அவர்களுடைய எழுத்தறிவு 54 விழுக்காட்டைச் சுற்றி இருந்தது. மாநிலச் சராசரி 80. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் இவர்களுக்கென்று உள்ளது 1 விழுக்காடு. இந்த நிலையில் கல்லூரி வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை.

ஆனால் இடத்தைத் தேடும் முன்பு வேறொன்றைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இப்போதுள்ள நம் ஆராய்ச்சி உலகத்தில் ஒரு பழங்குடி மனிதர் எந்த இடத்தில் நிற்கிறார்? அது மாறாமல் மலையில் கட்டடம் எழுப்பினால், கீழே இருக்கும் அதே ஏற்பாடு மேலே போகும். அவ்வளவுதான் நடக்கும். இதைச் சொல்ல நீலகிரிவரை போக வேண்டியதில்லை. கிண்டியிலிருந்தே தொடங்கலாம்.

பாம்புப் பண்ணையின் பாடம்

கிண்டியில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரி, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் மையம். காட்டு நிலத்தில் 1959-இல் எழுந்த ஐஐடி. தோல் ஆராய்ச்சி நிலையம், கிங் நோய்த்தடுப்பு நிலையம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், மருத்துவப் பல்கலைக்கழகம். இவ்வளவுக்கும் நடுவில், சிறுவர் பூங்காவை ஒட்டி, பள்ளிச் சுற்றுலாவில் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் பாம்புப் பண்ணை. ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய இந்தப் பண்ணை 1972-இல் கிண்டிக்கு வந்தது.

இந்தியாவில் பாம்புகளைப் பற்றிய நவீனக் கள அறிவில் பெரும்பகுதி இந்தப் பண்ணையையும், பின்னால் 1976-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்த முதலைப் பண்ணையையும் சுற்றித்தான் வளர்ந்தது. அந்த அறிவுக்கு அடியில் இருந்தவர்கள் இருளர்கள். மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்து இது எந்தப் பாம்பு, எப்போது போனது, எந்த வளைக்குள் இருக்கும் என்று சொல்லக்கூடியவர்கள். உரித்த சட்டை, எச்சம், எலி வளையின் வாய் எல்லாமே அவர்களுக்குக் குறிப்புகள். இதை விட்டேக்கர் மறைத்ததில்லை. தன் ஆசான்கள் இருளர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவருபவர் அவர்.

பாம்புத் தோல் வணிகம் எழுபதுகளில் சட்டத்தால் நின்றபோது இருளர்களின் பிழைப்பும் நின்றது. அதற்கு மாற்றாக 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவது அவர்கள் வேலை. நாட்டின் விஷமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு பல பத்தாண்டுகளாக இங்கிருந்துதான் போனது.

2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சதுப்புக்காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க உள்ளூர் நிபுணர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அங்கிருந்த வனவிலங்குத் துறையும் சேர்ந்து நடத்திய வேலை அது. இவர்கள் போய்ப் பிடித்துக் காட்டினார்கள். விட்டேக்கருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, இவர்கள் இருவருக்கும் 2023-இல்.

விருது சரி. நான் கவனிப்பது வேறு. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்பட்ட இந்த அறிவை, பாம்புப் பண்ணைக்குப் பக்கத்திலேயே இருக்கும் நம் பல்கலைக்கழகங்கள் ஒரு பாடமாக வைக்கவில்லை. சங்கம் இயங்கும் வடநெம்மேலி கிண்டியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். "தொலைதூரப் பழங்குடிகள்" என்ற சொல்லை இந்த 40 கிலோமீட்டரை வைத்துப் பாருங்கள். தூரம் சாலையில் இல்லை என்பது புரியும்.

இன்னொன்றும் உண்டு. விஷம் பகுதிக்குப் பகுதி மாறுகிறது, தமிழ்நாட்டுப் பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து நாட்டின் மற்ற மூலைகளில் அதே அளவு வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் அண்மை ஆண்டுகளில் காட்டியிருக்கின்றன. அப்படியென்றால் ராஜஸ்தானிலும் வங்கத்திலும் வடகிழக்கிலும் பாம்பு பிடித்து விஷம் எடுக்க ஆள் வேண்டும். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தகுதி உள்ளவர் யார்? விடை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆசிரியரைப் பணியில் அமர்த்த நம்மிடம் ஒரு பதவிப்பெயர் இல்லை.

சுள்ளியின் குரல்

பாம்பு பிடிப்பதைக் கைத்தொழில் என்று ஒதுக்கிவிடுபவர்கள் இருப்பார்கள். அப்படியென்றால் மொழியாராய்ச்சிக்கு வருவோம். அது முழுக்க முழுக்கப் பல்கலைக்கழகச் சரக்கு.

பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வேர்ச்சொல் ஆர்வம் உள்ள யாரும் புரட்டியிருப்பார்கள். தமிழ், மலையாளத்துக்கு அடுத்தபடியாகப் பதிவுக்குப் பதிவு கோத்தர் மொழிச் சொற்களும் தோடர் மொழிச் சொற்களும் வரும். அந்தக் கோத்தர் சொற்கள் எங்கிருந்து வந்தன? எமனோ முப்பதுகளில் நீலகிரியில் தங்கி எழுதியெடுத்த கதைகளிலிருந்து. 1944 முதல் 1946 வரை கலிஃபோர்னியாவில் பல பகுதிகளாக அவை அச்சாயின. அந்தக் கதைகளைச் சொன்னவர் கோத்தரான சுள்ளி என்ற ஒரே மனிதர். பள்ளி ஆசிரியர், ஆங்கிலம் அறிந்தவர், சொந்த ஊரின் பழக்கங்களை மாற்றப் போராடி ஊரோடு மோதியவர். அதே காலத்தில் வந்த மானிடவியலாளர் டேவிட் மேண்டல்பாமுக்கும் அவர்தான் துணை. மேண்டல்பாம் பின்னாளில் அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

எமனோவின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவர் எழுதிவைக்காவிட்டால் அந்தக் கதைகள் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் கணக்கைப் பாருங்க: ஆங்கிலம் தெரிந்த, தன் மொழியின் கதைகளை நாள்கணக்கில் வரிசையாகச் சொல்லக்கூடிய, தன் சமூகத்தை வெளியிலிருந்தும் பார்க்கத் தெரிந்த ஒரு ஆசிரியர். வேறு சாதியில், வேறு ஊரில் பிறந்திருந்தால் இத்தனை தகுதியோடு அவரைப் பேராசிரியர் ஆக்கியிருப்பார்கள். ஆராய்ச்சி மொழியில் அவருக்குக் கிடைத்த பெயர் "தகவலாளி".

இதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு எட்கர் தர்ஸ்டன் இருந்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் கொண்டுவந்தவர். அளவுகோலோடு போய் மண்டையையும் மூக்கையும் அளந்தவர். தர்ஸ்டனின் அளவுகோலுக்கும் எமனோவின் நோட்டுக்கும் உள்ள தூரம் பெரியது. ஒருவர் உடலை அளந்தார், மற்றவர் பேச்சைக் கேட்டார். இருந்தும் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. என்ன கேட்பது, எதை எழுதுவது, எங்கே வைப்பது என்று முடிவெடுத்தவர் இரண்டு தடவையும் வெளியிலிருந்து வந்தவரே.

இது பழங்கதை இல்லை. 2024-25 மாநில பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் முதலான சமூகங்களின் மொழிவளத்தை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. 2011 கணக்கில் தோடர்கள் சுமார் 2,000 பேர்தான், தள்ளிப்போட நேரமில்லை. ஆனால் இந்த வேலையில் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: பதிவுக்கருவியைப் பிடித்திருப்பவர் யார்? தோடர் வீட்டுப் பிள்ளை திட்ட ஆய்வாளராகச் சம்பளம் வாங்குகிறாரா, இல்லை மறுபடியும் தகவலாளியாக ஒரு டீயும் நன்றியும் வாங்குகிறாரா?

ஆராய்ச்சி வாசற்காவலனாக

ஒரு பழங்குடி மாணவர் ஆராய்ச்சியை முதன்முதலில் நேருக்குநேர் சந்திப்பது பெரும்பாலும் வகுப்பறையில் இல்லை. சாதிச் சான்றிதழ் வாங்கப் போகும்போது.

தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. 1989 இறுதியிலிருந்து கோட்டாட்சியர் நிலையில்தான் தருகிறார்கள். போலிச் சான்றிதழ்கள் பெருகியதால் வந்த கட்டுப்பாடு இது, காரணம் உண்மையானது. 1994-இல் மாதுரி பாட்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக்கு ஒரு நடைமுறையை வகுத்தது. குழு அமைக்க வேண்டும். விசாரணை அதிகாரி நேரில் போய் அந்தச் சமூகத்தின் தெய்வங்கள், சடங்குகள், திருமண முறை, சாவுச் சடங்கு, அடக்கம் செய்யும் விதம் எல்லாவற்றையும் கேட்டு அறிக்கை தர வேண்டும். மானிடவியல் குறிப்புகள் இங்கே சட்டச் சான்றாகின்றன.

இதன் விளைவை யோசியுங்கள். செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்யும் குடும்பத்தின் இருளர் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் தேறுகிறது. கல்லூரிக்குச் சான்றிதழ் வேண்டும். பாட்டன் காட்டில் இருந்தான். அப்பன் சூளையில் இருக்கிறான். பிள்ளை மாரியம்மன் கோயிலுக்குத்தான் போகிறது. "உங்க குலசாமி எது? கல்யாணத்துல என்ன செய்வீங்க?" என்று கேட்டால், புத்தகத்தில் உள்ள விடை அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சமவெளியில் வாழும் இருளர், காட்டுநாயக்கர், மலைக்குறவர், கொண்டாரெட்டி குடும்பங்கள் சான்றிதழுக்காக வருடக்கணக்கில் அலைவது அடிக்கடி செய்தியாகும் விஷயம்.

எழுதப்பட்ட இனவரைவியல் ஒரு காலத்தில் ஒரு சமூகம் எப்படி இருந்தது என்று சொல்லும். அதையே அளவுகோலாக வைத்தால், மாறியவர்கள் எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவர்கள் ஆகிவிடுவார்கள். இதை நீதிமன்றமும் உணர்ந்தது. இடப்பெயர்வாலும் நவீன வாழ்க்கையாலும் பழைய அடையாளங்கள் மறையலாம் என்று 2011-இல் ஆனந்த் வழக்கில் சொன்னார்கள். 2023 மார்ச்சில் மகாராஷ்டிர வழக்கொன்றில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்த ஒப்புமைச் சோதனையே இறுதி உரைகல் ஆகாது என்று தெளிவாக்கியது. ஆனால் தீர்ப்பு தில்லியில் இருக்கிறது. பிள்ளை கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் இருக்கிறது.

1983 முதல் உதகைக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் மாநில அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. பழங்குடி ஆராய்ச்சிக்கென்று மலையிலேயே நிறுவனம் வேண்டும் என்பவர்கள், நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒன்று வந்துவிட்டதை நினைவில் வைக்க வேண்டும். அருங்காட்சியகமும் உண்டு, தோடர் குடிசை மாதிரியும் உண்டு. பட்டம் தரும் வகுப்பு கிடையாது. மலையில் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் எதற்கு?

பங்கு கொடுத்தால் போதுமா?

"பழங்குடி அறிவைப் பயன்படுத்தினால் லாபத்தில் பங்கு கொடுங்கள்" என்பது ஒரு பதில். இதற்குப் பொதிகை மலையில் உலகப் புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1987-இல் கேரளப் பக்கத்து அகத்தியமலையில் களப்பணிக்குப் போன ஆய்வாளர்கள் களைத்துவிட, வழிகாட்டிகளாக வந்த காணிகள் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் உரிமத்தை 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் ஒரு மருந்து நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். வரும் பணத்தில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்கள் பெயரில் அறக்கட்டளையும் பதிவானது.

அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான செயல். சட்டம் வருவதற்கு முன்பே செய்தார்கள். குறை சொல்வது எளிது, செய்வது கஷ்டம். ஆனால் பாருங்கள், காணிகளுக்குக் கிடைத்தது தகவலுக்கான விலை. அடுத்த செடியை ஆராய ஒரு காணிப் பெண்ணுக்கு ஆய்வகத்தில் இடம் என்பது ஒப்பந்தத்தின் பொருளாகவே இல்லை. பணத்தைப் பங்கு போடலாம் என்று தோன்றியவர்களுக்கும் ஆராய்ச்சியைப் பங்கு போடலாம் என்று தோன்றவில்லை.

வடக்கே எப்படிச் செய்தார்கள்

நார்வேயின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, கௌடொகெய்னோ என்ற சிற்றூர். அங்கே 1989-இல் சாமி மக்கள் ஒரு உயர்கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். (சாமி என்பது கலைமான் மேய்ப்புக்குப் பேர்போன அந்த மக்களின் பெயர், நம்ம சாமி இல்லை.) அங்கே சாமி மொழி ஒரு பாடம் மட்டும் இல்லை, பாடம் நடக்கும் மொழியே அதுதான். தோல், மரம், கொம்பு வேலைப்பாடுகளுக்கு முதுநிலைப் படிப்புவரை உண்டு. கலைமான் மேய்ப்பும் அங்கே பல்கலைக்கழகப் பாடம். கைத்தொழில், அறிவு என்ற நம்மூர்ப் பிரிவினை அங்கே செல்லாது.

அமெரிக்காவில் நவாஹோ மக்கள் 1968-இல் தங்கள் நிலத்தில் தாங்களே தொடங்கிய கல்லூரி, இன்று டினே கல்லூரி. பழங்குடி அரசு நடத்தும் முதல் கல்லூரி அது. அதோடு நிற்கவில்லை. தொண்ணூறுகளில் நவாஹோ தேசம் தனக்கென்று ஆய்வு மேற்பார்வைக் குழுவை வைத்துக்கொண்டது. எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வந்தாலும் அந்தக் குழுவைத் தாண்டித்தான் ஊருக்குள் போக முடியும்.

ஏன் அவ்வளவு கெடுபிடி என்பதற்கு அதே அரிசோனாவின் ஹாவசுபாய் மக்கள் கதையே போதும். 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அதே ரத்தத்தை மனநோய் ஆய்வுக்கும், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் பயன்படுத்தியது பின்னால் தெரிந்தது. வழக்கு போட்டு, 2010-இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. அரிவாளணு ரத்தசோகைக்காக நம் மலைகளிலும் ரத்தம் எடுக்கிறார்கள். எடுப்பது அவசியம், உயிர் காக்கும் வேலை. ஆனால் அந்தக் குப்பி பிறகு எங்கே போகிறது என்று கேட்க ஊரில் ஒரு குழு வேண்டாமா?

இவற்றோடு நம் மத்தியப் பழங்குடிப் பல்கலைக்கழகங்களை ஒப்பிட்டால் வேறுபாடு சட்டத்திலேயே இருக்கிறது. பெயர் பழங்குடி, அமைப்பு மற்ற மத்தியப் பல்கலைக்கழகங்களின் அச்சு. துணைவேந்தர் நியமனம் மேலிருந்து வரும். ஆய்வுக்கு அனுமதி தரவோ மறுக்கவோ அந்த மலைக்காரர்களுக்கு அதிகாரம் கிடையாது.

ஒரு நியாயமான மறுப்பு

"மலைப்பிள்ளை மலையிலேயே படிக்கட்டும் என்று சொல்வது இன்னொரு வேலிதானே? அவங்க ஐஐடிக்கு வர வேண்டாமா?" இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். தனிப் பல்கலைக்கழகம் என்பது இரண்டாந்தரப் பட்டம் தரும் இடமாக மாறிவிடும் ஆபத்து உண்மையானது. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை ஐஐடி போகும்போது பத்திரிகைகள் கொண்டாடுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கிண்டிக்கு வர, தன் மொழியை, வீட்டை, தெரிந்ததையெல்லாம் வாசலில் கழற்றிவைக்க வேண்டியிருக்கிறது. வரும் உரிமையும் வேண்டும், தன் அறிவோடு வரும் உரிமையும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயமில்லை.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்குக் கூடலூரைச் சொல்வேன். அங்கே எண்பதுகளில் நில உரிமைக்காகத் திரண்ட ஆதிவாசிகள் முன்னேற்றச் சங்கமும், 1990-இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் சமூகப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர் நலப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தன. அரிவாளணு நோய்க்கான வேலையும் அப்படித்தான் ஊருக்குள் போனது. பல்கலைக்கழகம் என்ற பலகை இல்லாமல் நடந்த உயர்கல்வி இது.

கிண்டி என்ன செய்யலாம்?

புதுச் சட்டம் வேண்டியதில்லை. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு நடைமுறைப் பேராசிரியர் என்ற பதவிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. துறையில் ஆழ்ந்த அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயமில்லை. மொத்தப் பணியிடங்களில் 10 விழுக்காடுவரை வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இதைக் கம்பெனி நிர்வாகிகளுக்கான நாற்காலி என்றே பேசுகிறார்கள். பத்மஸ்ரீ வாங்கிய பாம்பு பிடிப்பவரின் அனுபவம் இதில் அடங்காது என்று எந்த வரியும் சொல்லவில்லை.

அடுத்தது, பழங்குடிப் பகுதியில் ஆய்வு செய்யும் ஒவ்வொரு திட்டத்துக்கும் அந்த ஊரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும். முடிவுகளை அந்த ஊர் மொழியில் போய்ச் சொல்ல வேண்டும். கதை சொன்னவரும் செடி காட்டியவரும் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் வர வேண்டும், நன்றியுரையில் இல்லை. இதுவரை எடுத்த ஒலிப்பதிவுகளின் பிரதி அந்தந்த மந்துக்கும் கொக்காலுக்கும் திரும்பிப் போக வேண்டும். சான்றிதழ் விசாரணையில் பழைய இனவரைவியலைச் சாட்சியாகக் கொண்டுவரும்போது, அது நூறு வருஷத்துக்கு முந்தைய படம் என்று எழுத்தில் சொல்ல மானிடவியல் துறைகள் முன்வர வேண்டும்.

இவற்றைச் செய்த பிறகு மலையில் பல்கலைக்கழகம் கட்டுங்கள். அப்போது அதில் சேர வரும் பிள்ளைக்கு, தன் ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே அங்கே பாடம் நடத்திக்கொண்டிருப்பார்.